ஒரே இயக்ககம், ஒரே திறப்பு

செயலாளர் பார்வையிட வந்த அன்று ஐந்து குமாஸ்தாக்கள் கடிதம் அடிக்கிற ஒரே மென்பொருளை ஐந்து விதமாகத் திறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் அதிலிருந்து வந்தவைதான்.

தீவுகளிடைச் சரக்கு நகர்வு இயக்ககம் என்று போர்ட் பிளேரில் ஓர் அலுவலகம் இருந்தது. ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் போவது சிமெண்ட் மூட்டையானாலும் வாழைத்தாரானாலும் அந்த இயக்ககத்தின் அனுமதிச் சீட்டு இல்லாமல் படகேறக் கூடாது. சீட்டு இல்லாமலும் ஏறிக்கொண்டுதான் இருந்தன என்பது வேறு விஷயம். மெயின்லேண்டிலிருந்து வந்த செயலாளர் இளநீர் குடித்துக்கொண்டே குமாஸ்தாக்களின் பின்னால் நடந்தார். ஒருவர் திரையிலிருந்த சின்னத்தை இரண்டு முறை தட்டினார். இன்னொருவர் மூலையிலிருந்த ஸ்டார்ட் பொத்தானை அமுக்கிப் பட்டியலில் தேடினார். மூன்றாமவர் தேடல் பெட்டியில் மென்பொருளின் பெயரை எழுத்துக்கூட்டி அடித்தார். நான்காமவர் திரையின் அடிப்பட்டையில் ஒரே ஒரு தட்டு. ஐந்தாமவர் வயதானவர். அவர் போன வருஷத்துக் கடிதம் ஒன்றைத் திறந்து, உள்ளே இருந்ததை அழித்துவிட்டு, புதிதாக அடிக்க உட்கார்ந்தார்.

"ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி திறக்கிறீங்களே" என்றார் செயலாளர். பேச்சுக்குச் சொன்னது. சொல்லிவிட்டு, ஹேவ்லாக் தீவுக்குப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

இயக்குநர் இராமகிருஷ்ணனுக்கு அந்த வாக்கியம் நெஞ்சில் தைத்துவிட்டது. ஒரு வாரத்தில் சுற்றறிக்கை வந்தது. தலைப்பு: ஒரே இயக்ககம், ஒரே திறப்பு. இயக்ககத்தின் மாண்பு திறப்பிலிருந்தே தொடங்குவதால், அங்கீகரிக்கப்பட்ட திறப்பு முறை அறிவிக்கப்படும்வரை ஊழியர் யாரும் மென்பொருளைத் திறக்கக் கூடாது. ஏற்கெனவே திறந்து வைத்திருப்பவர்கள் அதை மூடக் கூடாது; மூடினால் மறுபடி திறக்க வேண்டி வரும். இடைக்காலத்தில் கையால் எழுதிய எந்தச் சீட்டும் ஆணையும் செல்லாது.

தலைமை அலுவலகத்தில் ஏழெட்டுக் கணினிகள் அப்போது திறந்த நிலையில் இருந்தன. அவற்றுக்குக் காவல் போட்டார்கள்.

பாராடாங் தீவுக் கிளையில் மங்கையர்க்கரசி என்ற குமாஸ்தா இருந்தாள். இராமநாதபுரத்திலிருந்து அவள் அப்பா காலத்தில் வந்த குடும்பம். அவள் கணவர் ஐயாவு ஹேடோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். சிறுநீரகம் இரண்டும் கெட்டு, வேலையை விட்டு, போர்ட் பிளேருக்கு எதிர்க்கரையான பாம்பூஃப்ளாட்டில் தன் தங்கை புஷ்பம் வீட்டில் இருந்தார். வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். படகேறி சாத்தம் வந்து, அங்கிருந்து ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். புஷ்பத்துக்குப் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை; எல்லா முறையும் கூடப் போக முடியாது. கூட ஆள் இல்லாத நாட்களில் ஐயாவு, "நான் தனியாப் போய்க்குவேன்" என்பார். போக மாட்டார். படகுத்துறை வரை போய் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவார். இது புஷ்பத்துக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

மங்கையர்க்கரசிக்கு இருந்த லீவு எல்லாம் ஆஸ்பத்திரியிலேயே தீர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைதோறும் போலீஸ் காவலோடு வண்டிகள் வரிசையாகப் போகும் கான்வாயில் காடு தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். போர்ட் பிளேருக்கு மாற்றல் கேட்டு எழுதியிருந்தாள். இயக்குநர் இளகிய மனசுக்காரர். "பாவம்மா நீ. ஆர்டர் போடச் சொல்லிட்டேன். நாலு வரி டைப் அடிக்கணும், அவ்வளவுதான்" என்று அவரே போனில் சொன்னார்.

அதற்கு மறுநாள்தான் சுற்றறிக்கை வந்தது.

அவள் தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தாள். எடுத்தவர் தாழ்ந்த குரலில், இந்தி கலந்து பேசினார். "தீதி, உங்க ஆர்டர் என் டேபிள்லதான் இருக்கு. என் கம்ப்யூட்டர் தொறந்துதான் இருக்கு. ஆனா அதுல பாதி அடிச்ச வேற ஒரு லெட்டர் கெடக்கு. அத மூடாம உங்களோடத எப்படி அடிக்கிறது? மூடக் கூடாதுன்னு ஆர்டர் இருக்குல்ல?"

"அந்த லெட்டருக்குக் கீழயே அடிச்சிருங்களேன் பையா."

"அரே, என் வேலைக்கு உலை வைக்காதீங்க தீதி" என்று வைத்துவிட்டார்.

பாராடாங் கிளையின் கண்காணிப்பாளர் குழந்தைவேலு, ஓய்வு பெற ஒன்றரை வருஷம் இருக்கும் மனிதர். அதுவரை எந்தப் பிரச்சினையிலும் மாட்டிக்கொள்ளாமல் கரையேற வேண்டும் என்பதே அவருடைய ஒரே கொள்கை. அவர் கணினி இருந்த அறையைப் பூட்டிச் சாவியைப் பூணூல் மாதிரி கயிற்றில் கோத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

முதலில் வந்து மாட்டியவள் ஒச்சம்மா. கோழி வளர்க்கிறவள். ஒரு பெட்டி நிறையக் குஞ்சுகளை அடுத்த தீவில் ரங்கத் என்ற ஊரிலிருக்கும் மகளுக்கு அனுப்பச் சீட்டுக் கேட்டு வந்தாள்.

"மென்பொருள் மூடியிருக்கும்மா. சீட்டு வராது" என்றார் குழந்தைவேலு.

"பேனா இருக்குல்ல? எழுதிக் குடுங்க."

"கையெழுத்துச் சீட்டு செல்லாது."

"போன வாட்டி செல்லுச்சே?"

"போன வாட்டி அது சட்டம். இப்ப இது சட்டம்."

ஒச்சம்மா மங்கையர்க்கரசியைப் பார்த்தாள். மங்கையர்க்கரசி மேசையைப் பார்த்தாள்.

ஒரு மாதம் கழித்து, முறை அறிவிக்கப்பட்டது. திறப்பு பதவிக்கேற்ப இருக்கும். அதிகாரிகள் அடிப்பட்டையில் ஒரே தட்டில் திறப்பார்கள்; அதிகாரி இரண்டு முறை தட்டுவது பதவிக்கு இழுக்கு. கண்காணிப்பாளர்கள் ஸ்டார்ட் பட்டியல் வழியாகப் போவார்கள். குமாஸ்தாக்கள் சின்னத்தை இரண்டு முறை தட்டுவார்கள். தற்காலிக ஊழியர்கள் தேடல் பெட்டியில் பெயர் அடித்துத் தேடிக்கொள்ளலாம், கிடைத்தால் திறக்கலாம். பழைய கடிதத்தைத் தட்டி நேரே உள்ளே போவது கொல்லைப்புற நுழைவு எனக் கருதப்படும். எல்லாரும் திறந்ததும் முதலில் வரும் தொடக்கத் திரையில் நின்று, அது முழுமையாக வந்திருக்கிறதா என்று பார்த்து அறிக்கை அனுப்ப வேண்டும்.

குழந்தைவேலு அறையைத் திறந்து, சூடம் ஏற்றி, மங்கையர்க்கரசியை உட்காரச் சொன்னார். அவள் சின்னத்தை இரண்டு முறை தட்டினாள். வெள்ளைத் தாள் வந்தது.

"தொடக்கத் திரை எங்க?" என்றார் குழந்தைவேலு.

"இதுல அது வராது சார். யாரோ செட்டிங்ல டிக் எடுத்துவிட்டிருக்காங்க. நேரா பேப்பர்தான் வரும். நல்லதுதான, இப்பவே ஒச்சம்மாவுக்குச் சீட்டு அடிச்சிருவேன்."

"கைய எடு!" என்று கத்தினார் குழந்தைவேலு. அவர் அப்படிக் கத்தி அந்த அலுவலகம் கேட்டதில்லை. "வர வேண்டிய திரை வரல. வராததுக்கு மேல நாம டைப் அடிச்சா, நாமதான் அழிச்சோம்னு ஆயிடும். ரிப்போர்ட் பண்ணணும்."

அவர் போனில் ரிப்போர்ட் செய்தார்: பாராடாங் கிளைக்குத் தொடக்கத் திரை வரப்பெறவில்லை. தலைமை அலுவலகம், அது மற்ற கிளைகளோடு சேர்த்துத்தான் அனுப்பப்பட்டது என்றது. வழியில் காணாமல் போயிருக்கலாம் என்று சந்தேகம் வந்தது. கான்வாயில் வந்ததா, படகில் வந்ததா, கடைசியாகப் பார்த்தது யார் என்றெல்லாம் கேட்டார்கள். மங்கையர்க்கரசி, "சார், அதுக்குள்ளயேதான் இருக்கு. ஒரு டிக் போட்டா வந்துரும்" என்று நான்கு பேரிடம் சொன்னாள். நான்காமவர், "இவ்வளவு விவரம் தெரியுதுன்னா நீங்கதான் எடுத்தீங்களா?" என்று கேட்டபின் சொல்வதை நிறுத்திக்கொண்டாள்.

விசாரணைக் குழு மூன்று வண்டிகளில் வந்தது. காலையில் சுண்ணாம்புக் குகைக்குப் போனார்கள். மதியம் சேற்று எரிமலைக்குப் போனார்கள். மாலையில் அலுவலகத்துக்கு வந்து கணினியை நான்கு பக்கமும் படமெடுத்தார்கள். குழுத் தலைவர் திரையின் பின்பக்கத்தையும் எட்டிப் பார்த்தார். பிறகு கடைசிக் கான்வாய்க்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பினார்கள். கிளம்பும் அவசரத்தில் கூட வந்த டிரைவர் அந்த டிக்கைப் போட்டுவிட்டான். திரை வந்தது. "குழுவின் தீவிர முயற்சியால் மீட்கப்பட்டது" என்று அறிக்கையில் எழுதினார்கள்.

அதற்குள் ஒச்சம்மாவின் குஞ்சுகள் வளர்ந்துவிட்டன. அவள் மறுபடி வந்தபோது குழந்தைவேலு பெட்டிக்குள் பார்த்துவிட்டு வருத்தத்தோடு தலையாட்டினார்.

"நீ விண்ணப்பம் போட்டது குஞ்சுக்கு. இது கோழி. புதுசா விண்ணப்பம் போடணும்."

ஒச்சம்மா ஒரு கோழியைப் பெட்டியிலிருந்து எடுத்து அவர் மேசை மேல் விட்டுவிட்டுப் போய்விட்டாள். அது இரண்டு நாள் அலுவலகத்தில் இருந்தது. அதை வெளியே அனுப்பவும் சீட்டு வேண்டுமா என்று குழந்தைவேலு நிஜமாகவே யோசித்தார்.

திரை கிடைத்துவிட்டது. இனி ஆணை வந்துவிடும் என்று மங்கையர்க்கரசி நினைத்தாள். வந்தது பயிற்சிக்கான அழைப்பு. ஊழியர் அனைவரும் போர்ட் பிளேரில் ஒரு வாரம் திறப்புப் பயிற்சி பெற்றுத் தேர்வு எழுத வேண்டும். தேறும்வரை யாரும் மென்பொருளைத் தொடக் கூடாது. முதலிடம் பெறுபவரின் விருப்பம் பரிவோடு கவனிக்கப்படும்.

அந்தக் கடைசி வரியை அவள் ஐயாவுக்குப் போனில் படித்துக் காட்டினாள். "ஒரு வாரம் இங்கனதான இருப்ப? அது போதும், வெரசா வா" என்றார் அவர்.

பயிற்சி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் பழைய கல்யாணத்தின் தெர்மகோல் எழுத்துகள் அப்படியே இருந்தன. இயக்குநர் குத்துவிளக்கு ஏற்றினார். பிறகு பேசினார்.

"நண்பர்களே! கதவைத் திறக்கத் தெரியாதவன் வீட்டுக்குள் போய் என்ன செய்வான்? திருடுவான். ஆகவே முதலில் திறக்கக் கற்போம். உள்ளே போய் என்ன செய்வது என்பது இரண்டாம் கட்டப் பயிற்சி. இரண்டாம் கட்டத்துக்கு இன்னும் நிதி வரவில்லை. நிதி வராத விஷயத்தைப் பற்றி யோசிப்பது நிதி ஒழுங்கீனம். என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். இருபத்தாறு வருஷ சர்வீசில் நான் ஓர் எழுத்துக்கூட டைப் அடித்ததில்லை. அதனால்தான் என் சர்வீசில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை."

கைதட்டல் நின்றதும், சென்னைக் கம்பெனி ஒன்றிலிருந்து வந்திருந்த பயிற்றுநர் பிரவீன்குமார் எழுந்தான். நல்ல பையன். முதல் இரண்டு நாளும் சின்னத்தின் வரலாறு, சின்னத்தின் நிறம், சுட்டியைப் பிடிக்கும்போது மணிக்கட்டு இருக்க வேண்டிய நிலை ஆகியவற்றை நடத்தினான். மூன்றாம் நாள் திரையை விளக்கினான். இடப்பக்கம் சமீபத்தில் திறந்த கோப்புகள். வலப்பக்கம் மாதிரிகள். முதலில் இருப்பது வெற்றுத் தாள்.

மங்கையர்க்கரசி கையைத் தூக்கினாள். "சார், அந்த வெற்றுத் தாளைத் தட்டி நாலு வரி அடிக்கணும்னா?"

"அது சிலபஸ்ல இல்ல மேடம்."

பின்வரிசையில் ஒருவர், "எஸ்கேப் கீய அமுக்கினா திரை போயி நேரா தாள் வருமே சார்?" என்றார்.

பிரவீன்குமார் வாயைத் திறப்பதற்குள் இயக்குநர் எழுந்துவிட்டார். "என் இயக்ககத்தில் யாரும் எஸ்கேப் ஆகக் கூடாது!" என்றார். அன்று மாலையே மண்டபத்திலிருந்த கணினிகளிலெல்லாம் அந்தப் பொத்தானைப் பிடுங்கிவிட்டார்கள்.

நான்காம் நாள் இயக்குநரே அதிகாரிகளுக்குரிய ஒற்றைத் தட்டுத் திறப்பைச் செய்து காட்டுவதாக ஏற்பாடு. அவருடைய மடிக்கணினியைப் பெரிய திரையோடு இணைத்தார்கள். அவர் எழுந்து நின்று, கோட்டுப் பொத்தானைப் போட்டு, அடிப்பட்டையில் ஒரே ஒரு முறை தட்டினார். தொடக்கத் திரை சுவர் அளவுக்கு விரிந்தது. இடப்பக்கத்தில் சமீபத்திய கோப்புகள் வரிசையாக நின்றன.

சென்னைக்கு மாற்றல் கோரி - இறுதி.
சென்னைக்கு மாற்றல் கோரி - இறுதி புதியது.
சென்னைக்கு மாற்றல் கோரி - மனைவி உடல்நிலை.
சென்னைக்கு மாற்றல் கோரி - அம்மா உடல்நிலை.
இந்தத் தீவிலிருந்து விடுதலை.

எல்லாவற்றிலும் அந்த வாரத்துத் தேதிதான் இருந்தது. ஊழியர்களுக்குத் திறப்பு தடைசெய்யப்பட்டிருந்த வாரம்.

"அவை மாதிரிகள்" என்றார் இயக்குநர். "மென்பொருளோடு வருபவை."

பிரவீன்குமார் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டான்.

மறுநாள் காலை புதிய அறிவிப்பு வந்தது. தொடக்கத் திரை இரகசியத் தன்மை வாய்ந்தது என்பது கண்டறியப்பட்டுள்ளதால், ஊழியர்கள் அதைத் திறக்க வேண்டும், ஆனால் பார்க்கக் கூடாது. தேர்வின்போது திரை வந்ததும் கண்களைத் தாழ்த்தி, மனசுக்குள் பத்து எண்ணி, மூடிவிட வேண்டும்.

அந்த வாரம் முழுக்க மங்கையர்க்கரசி பாம்பூஃப்ளாட்டில் தங்கினாள். காலையில் படகில் போய் மாலையில் படகில் வந்தாள். டயாலிசிஸ் நாட்களில் ஐயாவையும் கூட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு மண்டபத்துக்குப் போவாள். முடிந்ததும் வந்து அழைத்துக்கொள்வாள். இரண்டு முறையும் அவர் ஒழுங்காகப் போனார். இரண்டாம் முறை முடிந்து படகில் வரும்போது காலைத் தொட்டுக் காட்டினார். வீக்கம் வடிந்திருந்தது.

தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்து, அதையே திரையாக நினைத்துப் பழகினாள். ஐயாவு எதிரே உட்கார்ந்து பார்த்தார்.

"தட்டுறேன். திரை வருது. கண்ணைக் கீழ போடுறேன். மனசுக்குள்ள எண்றேன். மூடுறேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்லங்க. அவ்வளவுதான்."

ஐயாவு சிரித்தார். சிரித்தால் அவருக்கு மூச்சு வாங்கும். "நான் கிரேன ஸ்டார்ட் பண்ணா எதையாச்சும் தூக்கணும் மங்கை. தூக்காம நின்னா கீழ நிக்கிறவன் கெட்ட வார்த்தையில வைவான். இது எதைத் தூக்குது?"

"எதையும் தூக்கல. ஆனா என்னையத் தூக்கி இங்கன கொண்டாந்து வச்சிரும். அது போதும்ல?"

"நீ இங்கன வந்துட்டா நான் ஒழுங்காப் போவேன்" என்றார் ஐயாவு. "தனியாப் போயி அந்த நாற்காலியில நாலு மணி நேரம் ஒக்கார முடியல மங்கை. ரத்தம் வெளிய போறதப் பாத்துக்கிட்டே இருக்கணும். பக்கத்துல யாராச்சும் இருந்தா பேசிக்கிட்டு இருக்கலாம்."

புஷ்பம் அடுப்படியிலிருந்து, "நான் வரும்போது மட்டும் தூங்கிறாரு மதினி" என்றாள்.

தேர்வில் பாதிப் பேர் தேறவில்லை. செயலாளர் முன்னால் பழைய கடிதத்தைத் திறந்த அந்த வயதானவர், திரை வந்ததும் கை பழக்கத்தில் வெற்றுத் தாளைத் தட்டி, 'மதிப்பிற்குரிய ஐயா' என்று அடித்தும்விட்டார். அவரை இரண்டு பேர் கையைப் பிடித்து எழுப்பினார்கள். அவர் அழுதுகொண்டே, "முப்பது வருஷமா அடிச்சது சார், விரல் தானாப் போயிருச்சு" என்றார்.

மங்கையர்க்கரசி தட்டினாள், கண்ணைத் தாழ்த்தினாள், மூடினாள். முதலிடம்.

இயக்குநர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கைகுலுக்கினார். "நூற்றுக்கு நூறு! திரையில் என்ன இருந்தது என்று பரிசோதகர் கேட்டாராம். தெரியாது என்று சொன்னாயாம். அருமை."

"சார், என் மாற்றல்..."

"போட்டாச்சு. முதலிடம் வந்தவரைச் சும்மா விடுவேனா?" என்று ஒரு தாளை நீட்டினார்.

மங்கையர்க்கரசி படித்தாள். அவள் முதன்மைப் பயிற்றுநராக நியமிக்கப்பட்டிருந்தாள். இவ்வளவு சிறப்பான திறப்பு, திறப்பறியாத பகுதிகளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால், உடனடியாக மூன்று மாதத்துக்குக் கேம்பல் பேக்குப் புறப்பட வேண்டும். தீவுக்கூட்டத்தின் கடைசி முனை. கப்பலில் இரண்டு நாள், கடல் சரியில்லை என்றால் மூன்று.

"சார், நான் போர்ட் பிளேருக்குக் கேட்டேன்."

"போர்ட் பிளேரில் எல்லோருக்கும்தான் திறக்கத் தெரியுமே?"

"வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் சார். கூட்டிட்டுப் போக ஆளில்ல. உங்ககிட்டதான் சொல்லியிருந்தேன். நாலு வரி அடிக்கணும்னு நீங்கதான் சொன்னீங்க."

"சொன்னேன். அது என் மேசையில்தான் இருக்கிறது. டைப் அடிக்க அங்கீகாரம் பெற்ற ஆள் இல்லையே அம்மா."

அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "இது பேனாவால எழுதியிருக்கே சார்."

"அது அவசரம்" என்றார் இயக்குநர்.

அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. "நானும் குடும்பத்தை விட்டுவிட்டுத்தானே அம்மா இங்கே கிடக்கிறேன்" என்றார்.

வேலையை விட்டுவிடலாமா என்று அன்றைக்கு மூன்று பேரும் பேசினார்கள். ஐயாவுக்கு மருந்து அவள் வேலையிலிருந்துதான் வந்தது. புஷ்பம், "நான் எச்சம்கிட்டக் கேட்டு லீவு வாங்கிக்கிறேன் மதினி, நீங்க கவலப்படாதீங்க" என்றாள். எச்சம் என்பது எச்.எம்.; அவள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை. அந்த அம்மாள் லீவு தர மாட்டாள் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

"மூணு மாசந்தான? போயிட்டு வா. நான் தனியாப் போய்க்குவேன்" என்றார் ஐயாவு.

ஹேடோ துறையில் கப்பலேறும்போது அவர் வரவில்லை. அன்றைக்கு டயாலிசிஸ் நாள். போகிறேன் என்று சத்தியம் செய்திருந்தார்.

கேம்பல் பே அலுவலகத்தில் வினோத்குமார் என்ற பொறுப்பு அதிகாரி, கணினி ஒன்று, நாற்காலி மூன்று. வினோத்குமார் அங்கேயே பிறந்து வளர்ந்தவன். அரசு அங்கே குடியேற்றிய முன்னாள் ராணுவக்காரரின் பேரன். அவனோடு சேர்த்து ஆறு பேருக்கு அவள் பயிற்சி கொடுக்க வேண்டும். மின்சாரம் பாதி நேரம் இருக்காது. இல்லாதபோது கரும்பலகையில் தொடக்கத் திரையை வரைந்து நடத்தினாள். ஒவ்வொருவராக எழுந்து வந்து, வரைந்த சின்னத்தை விரலால் இரண்டு முறை தட்டி, கண்ணைத் தாழ்த்திவிட்டுப் போனார்கள். யாரும் சிரிக்கவில்லை. சம்பளத்துக்குச் செய்கிற வேலைகளில் இதைவிட மோசமானதையும் அவர்கள் செய்திருந்தார்கள்.

வியாழக்கிழமை வகுப்பு நடக்கும்போது சிக்னல் கிடைத்து, புஷ்பத்தின் குரல் செய்திகள் மொத்தமாக வந்து விழுந்தன. முதலாவதில், அண்ணன் போன வாரம் இரண்டு முறையும் போகவில்லை என்று இருந்தது. அடுத்ததில், மூச்சு வாங்குகிறது என்று. கடைசியில், "பெரிய ஆஸ்பத்திரில சேத்திருக்கோம் மதினி. ஒங்களத்தான் கேக்குறாரு. வாங்க."

கப்பல் அடுத்த செவ்வாய்க்கிழமைதான். ஹெலிகாப்டர் மறுநாள் வருகிறது. அதில் இடம் கேட்க அலுவலகத்திலிருந்து டைப் அடித்த கடிதம் ஒன்று வேண்டும், அதிகாரியின் கையெழுத்தோடு.

மங்கையர்க்கரசி கணினியின் முன்னால் உட்கார்ந்தாள். சின்னத்தைத் தட்டினாள். கண்ணைத் தாழ்த்தவில்லை. வெற்றுத் தாளைத் தட்டி, நாலு வரி அடித்து, அச்செடுத்தாள். சுற்றறிக்கைக்குப் பிறகு அந்த இயக்ககத்தில் ஊழியர் ஒருவர் அடித்து முடித்த முதல் கடிதம் அதுவாகத்தான் இருக்கும். அதை வினோத்குமாரின் மேசையில் வைத்தாள்.

அவன் படித்தான். இரண்டு முறை படித்தான். பேனாவைத் திறந்து, மூடினான்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. இதுல நான் சைன் பண்ணா, டைப் அடிச்சது யாருன்னு கேப்பாங்க. ரெண்டாம் கட்டம் முடிச்சவங்க யாருமே கிடையாது. நீங்க சொல்லிக் குடுத்துத்தானே மேடம் எனக்கே தெரியும்? நான் டெம்பரரி. எனக்கு இன்னும் கன்ஃபர்ம் ஆகல."

"கையால எழுதித் தர்றேன் வினோத்."

"கையால எழுதினது செல்லாது மேடம்." அவன் கண் கலங்கியிருந்தது. "ஹெட் ஆபீசுக்குப் போன் பண்ணிக் கேக்கட்டுமா?"

கேட்டான். தலைமை அலுவலகத்தில் போனை எடுத்தவர், இயக்குநர் கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார். சாயங்காலமும் கூட்டத்தில்தான் இருந்தார். வெள்ளிக்கிழமை ஹெலிகாப்டர் வந்து போனது. அவள் கையால் எழுதிய தாளோடு வேலிக்கு வெளியே நின்றாள். பட்டியலில் பெயர் இல்லாதவர்களை உள்ளே விட அங்கிருந்த காவலருக்கு அதிகாரமில்லை. இரண்டு இடங்கள் காலியாகப் போனதாக வினோத்குமார் பிறகு கேள்விப்பட்டான். அவளிடம் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை யாரையும் கேட்காமல் கப்பலேறினாள். கடல் சரியில்லை. தளத்தில் உட்கார்ந்தே வந்தாள். சிக்னல் இல்லாததால் போனைப் பார்க்கவும் ஒன்றுமில்லை.

ஹேடோ துறையில் புஷ்பம் நின்றுகொண்டிருந்தாள். அவள் தலை வாரியிருக்கவில்லை. மங்கையர்க்கரசி ஏணியில் இறங்கும்போதே அதைப் பார்த்துவிட்டாள்.

"எப்ப?" என்றாள்.

"முந்தா நாள் மதினி. உங்களுக்காக வச்சிருக்கோம். ஐஸ் பெட்டி."

"கடைசியில ஏதாச்சும் சொன்னாரா?"

"கப்பல் வந்துருச்சான்னு கேட்டாரு. வந்துருச்சுண்ணேன்னு சொன்னேன்."

இரண்டு பேரும் ஆட்டோவில் சாத்தம் வந்து படகேறினார்கள். அலுவலகம் முடிந்து திரும்புகிறவர்கள் கூட்டம். மங்கையர்க்கரசிக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புஷ்பம் அவள் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். படகு நகர்ந்தபோது, பக்கத்தில் நின்ற நடுத்தர வயதுக்காரர் ஒருவர் அவள் முகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். தோளில் இயக்ககத்தின் பை. மண்டபத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவராக இருக்கலாம்.

"மேடம், நீங்கதானே பயிற்சியில ஃபர்ஸ்ட் வந்தவங்க?" என்றார் மரியாதையோடு.

மங்கையர்க்கரசி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா" என்றாள்.